செயலியின் மேல் அச்சிட்ட வேகம்

கணினிச் செயலி ஒன்றின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் வேகம் அந்தச் சில்லின் உச்ச ஆற்றலை அளந்து எழுதிய எண் அன்று. புழுக்கமான அறையில், மட்டமான மின்வழங்கியோடு, கடினமான கணக்கை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து செய்தாலும் இந்த வேகம் வரை பிழை நேராது என்று அதைச் செய்த நிறுவனம் கொடுக்கும் உறுதிமொழியே அந்த எண். உறுதிமொழி தருகிறவர் எவரும் தம் கையில் சிறிது மிச்சம் வைத்துக்கொண்டே தருவார் என்பதால், அச்சிட்ட வேகத்துக்கும் சில்லு உண்மையில் தாங்கக்கூடிய வேகத்துக்கும் நடுவே ஒரு கையிருப்பு எப்போதும் இருக்கும். அந்தக் கையிருப்பைப் பயனரே எடுத்துச் செலவிடுவதுதான் ஓவர்கிளாக்கிங். அது எங்கிருந்து வருகிறது, எடுத்தால் எதை இழக்க நேர்கிறது, இன்று அதில் எவ்வளவு மீதமிருக்கிறது என்பவை செயலியின் உள்ளியக்கத்தோடு பின்னிக்கிடக்கும் கேள்விகளாகும்.

செயலிக்குள் நடப்பவை அனைத்தும் ஒரு மின்துடிப்பின் ஒழுங்குக்கு உட்பட்டவை. மதர்போர்டில் பொருத்தப்பட்ட குவார்ட்ஸ் படிகம் ஒன்று மாறாத கதியில் அதிர, அந்த அதிர்விலிருந்து அடிப்படைத் துடிப்பு உருவாக்கப்படுகிறது. செயலி அதை வாங்கித் தனக்குள் இருக்கும் சுற்று ஒன்றின் உதவியால் குறிப்பிட்ட மடங்கு பெருக்கிக்கொள்கிறது. இந்த மடங்குக்குப் பெருக்கெண் என்று பெயர். அடிப்படைத் துடிப்பு வினாடிக்கு 10 கோடி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் என்றும், பெருக்கெண் 45 என்றும் கொண்டால் செயலி 4.5 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும். ஆகவே வேகத்தைக் கூட்ட இரண்டே வழிகள் உண்டு: அடிப்படைத் துடிப்பை உயர்த்துவது ஒன்று, பெருக்கெண்ணை உயர்த்துவது மற்றொன்று. ஓவர்கிளாக்கிங்கின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு கதவுகளை நிறுவனங்கள் மாறி மாறிப் பூட்டியதும் பயனர்கள் திறந்ததுமான வரலாறு என்று சொன்னால் மிகையாகாது.

துடிப்பின் வேகத்துக்கு எல்லை ஏன் வருகிறது என்பதை அறிய, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் நடப்பதைப் பார்க்க வேண்டும். செயலிக்குள் தகவலைப் பிடித்து வைக்கும் சிறு பதிவகங்கள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே, கூட்டவும் ஒப்பிடவும் தேர்ந்தெடுக்கவும் வல்ல டிரான்சிஸ்டர் அடுக்குகள் இருக்கின்றன. துடிப்பு அடித்ததும் முதல் பதிவகம் தன்னிடமுள்ள மதிப்பை வெளியே விடுகிறது. அது டிரான்சிஸ்டர் அடுக்குகளைக் கடந்து மாற்றமுற்று, அடுத்த துடிப்பு வருமுன் இரண்டாம் பதிவகத்தின் வாயிலில் வந்து நிலைகொண்டுவிட வேண்டும். வீட்டுக்குத் தளம் போடும் நாளில் ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றும்போது, வரிசையிலேயே மெதுவான ஆளின் கைக்கு ஏற்றபடிதான் மொத்த வேலையின் கதியும் அமைகிறது. செயலியிலும் ஆயிரக்கணக்கான பாதைகளுள் மிக நீண்டதும் தாமதமானதுமான பாதையே வேகத்தைத் தீர்மானிக்கிறது. பொறியாளர்கள் அதை நெருக்கடிப் பாதை என்பர். அந்தப் பாதையைக் கடக்க 0.2 நானோவினாடி ஆகுமானால் செயலியின் எல்லை 5 ஜிகாஹெர்ட்ஸ் ஆகும். அதைவிட விரைவாகத் துடிப்பை அனுப்பினால் செயலி நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. அது தொடர்ந்து ஓடும், ஆனால் இன்னும் முடியாத கணக்கின் அரைகுறை விடையை முழு விடையாகப் பதிந்துகொண்டு ஓடும். ஓவர்கிளாக்கிங்கின் ஆபத்தெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது.

ஒரே வேஃபரில், அதாவது ஒரே சிலிக்கான் வட்டத் தகட்டில், ஒரே நாளில் உருவாகும் சில்லுகள்கூட ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. டிரான்சிஸ்டரின் அகலத்திலும் அதில் கலக்கும் மாசணுக்களின் எண்ணிக்கையிலும் நேரும் நுண்ணிய வேறுபாடுகளால் ஒரு சில்லின் நெருக்கடிப் பாதை சற்று விரைவாகவும் வேறொன்றினுடையது சற்று மெதுவாகவும் அமைகின்றன. எனவே தொழிற்சாலையில் ஒவ்வொரு சில்லையும் சோதித்து, தாங்கும் வேகத்துக்கும் கேட்கும் மின்னழுத்தத்துக்கும் ஏற்பத் தரம் பிரித்து, வெவ்வேறு பெயரும் விலையும் இட்டு விற்கிறார்கள். இந்தத் தரப்பிரிப்பில் இயற்பியலோடு சந்தையும் கலந்திருக்கிறது என்பதே ஓவர்கிளாக்கிங் செய்வோருக்கு நல்வாய்ப்பாக அமைந்தது. தயாரிப்பு முறை கைவந்த பிறகு பெரும்பாலான சில்லுகள் உயர்ந்த வேகத்தைத் தாங்கத் தொடங்கிவிடும்; ஆனால் வாங்குவோரில் பெரும்பாலோர் கேட்பது மலிவுச் சில்லைத்தான். அப்போது நல்ல சில்லின் மேலும் குறைந்த வேகத்தையே அச்சிட்டு அனுப்ப நேர்கிறது.

இது மிகத் துலக்கமாக வெளிப்பட்டது 1998ஆம் ஆண்டில். ஏஎம்டி நிறுவனத்தின் கே6 வகைச் செயலிகள் மலிவுக் கணினிச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருக்க, இன்டெல் அவ்வாண்டு ஏப்ரலில் செலரான் என்ற பெயரில் ஒரு மலிவுச் செயலியைக் கொண்டுவந்தது. பென்டியம் 2 செயலியிலிருந்து இரண்டாம் நிலைக் கேச் நினைவகத்தை, அதாவது அடிக்கடி தேவைப்படும் தகவலைச் செயலியின் அருகிலேயே வைத்திருக்கும் விரைவு நினைவகத்தை, அடியோடு நீக்கிவிட்டதால் அது மந்தமானது என்ற கெட்ட பெயரை உடனே வாங்கியது. அந்தக் குறையைத் தீர்க்க ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ, 128 கிலோபைட் கேச்சைச் செயலிச் சில்லின் மேலேயே கொண்டிருந்தது. பென்டியம் 2இல் 512 கிலோபைட் கேச் இருந்தாலும் அது தனிச் சில்லுகளில் அமைந்து, செயலியின் பாதி வேகத்திலேயே ஓடியது. செலரானின் சிறிய கேச்சோ செயலியின் முழு வேகத்தில் ஓடியது. மலிவுப் பொருளைத் திருத்தப் போய், உயர்ந்த பொருளைவிடச் சில வகைகளில் மேலான ஒன்றை இன்டெல் செய்துவிட்டது.

செலரான் 300ஏயின் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 4.5, வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். பெருக்கெண்ணை மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டியிருந்தது. ஆனால் அடிப்படைத் துடிப்பு மதர்போர்டிலிருந்து வருவதால் அதைச் செயலிக்குள்ளிருந்து பூட்ட முடியவில்லை. பென்டியம் 2க்காக அதே ஆண்டு வந்த 440பிஎக்ஸ் சிப்செட்டோ, அதாவது செயலியை மற்றப் பாகங்களோடு இணைக்கும் மதர்போர்டுச் சில்லுத் தொகுதியோ, 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைத் தரவல்லதாக இருந்தது. அபிட் நிறுவனத்தின் பிஹெச்6 போன்ற மதர்போர்டுகளில் கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை நிரலான பயாஸின் திரையிலேயே 66ஐ 100 ஆக மாற்றினால் போதும். அந்த வசதி இல்லாத மதர்போர்டுகளில், செயலி அட்டையின் பி21 என்ற இணைப்பு முனையின் மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினால், இது 66 மெகாஹெர்ட்ஸ் செயலி என்று சொல்லும் குறிப்பு மதர்போர்டைச் சென்றடையாமல் போய், அது தானாகவே 100 மெகாஹெர்ட்ஸை அனுப்பியது. 100ஐ 4.5ஆல் பெருக்க 450 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. அன்று இன்டெல் விற்றவற்றுள் விலையுயர்ந்த வீட்டுச் செயலியான பென்டியம் 2இன் வேகமும் அதுவே. ஒன்றின் விலை ஏறத்தாழ 150 டாலர், மற்றதன் விலை 650 டாலருக்கு மேல்.

இந்த 50 விழுக்காட்டு உயர்வு எல்லாச் சில்லுகளிலும் கிட்டியது என்று சொல்ல முடியாவிட்டாலும், பெரும்பாலானவற்றில் கிட்டியதற்குக் காரணம் இருந்தது. இரண்டு செயலிகளும் ஒரே 0.25 மைக்ரான் தயாரிப்பு முறையில் பிறந்தவை. பென்டியம் 2 தன் 450 மெகாஹெர்ட்ஸை அடைந்த அதே டிரான்சிஸ்டர்களே செலரானிலும் இருந்தன. போதாக்குறைக்குப் பென்டியம் 2ஐக் கட்டுப்படுத்திய வெளிக் கேச் சில்லுகள் செலரானில் இல்லை. அதைவிட முக்கியமானது, உயர்ந்தது செயலியின் வேகம் மட்டுமன்று என்பது. செயலியின் துடிப்பை மட்டும் கூட்டினால், நினைவகத்திலிருந்து தகவல் வரும் வரை அது விரைவாகக் காத்திருக்குமேயன்றி வேலை அந்த அளவுக்கு விரையாது. இங்கு அடிப்படைத் துடிப்பே உயர்ந்ததால் நினைவகத்துக்குச் செல்லும் வழியும் அதே விகிதத்தில் விரைவுபெற்றது. எண்ணில் கண்ட உயர்வு பயன்பாட்டிலும் ஏறக்குறைய முழுமையாகவே தெரிந்தது. பின்னாளில் வந்த ஓவர்கிளாக்கிங்களுள் இத்தகைய நேர்மையான ஆதாயம் தந்தவை மிகச் சிலவே.

அடிப்படைத் துடிப்பை உயர்த்துவதில் ஒளிந்திருந்த தொல்லையையும் அக்காலத்தினர் கண்டுகொண்டனர். ஒலி அட்டையும் வட்டுக் கட்டுப்படுத்தியும் இணைந்திருந்த பிசிஐ வழித்தடம் 33 மெகாஹெர்ட்ஸுக்கென வடிவமைக்கப்பட்டது. மதர்போர்டு அடிப்படைத் துடிப்பை இரண்டாலோ மூன்றாலோ வகுத்து அதற்கு அனுப்பியது. 66ஐ இரண்டால் வகுத்தாலும் 100ஐ மூன்றால் வகுத்தாலும் 33 கிடைக்கும். ஆனால் 100ஐ எட்ட முடியாத சில்லைக் கொண்டவர்கள் 83இல் நிறுத்த முயன்றபோது, இரண்டால் வகுத்த 41 மெகாஹெர்ட்ஸ் வட்டுக் கட்டுப்படுத்திக்குப் போய்ச் சேர்ந்தது. செயலி நலமாக இருக்கையில் வட்டிலிருந்த கோப்புகள் சிதைந்தன. அளவாக ஏற்றியவரைவிட அதிகமாக ஏற்றியவரின் கணினி பத்திரமாக இருந்தது என்ற முரண், இந்த வகுத்தல் கணக்கின் விளைவாகும்.

சில்லு ஒன்று கேட்ட வேகத்தைத் தொடவில்லையெனில் அடுத்த உபாயம் மின்னழுத்தத்தைக் கூட்டுவது. டிரான்சிஸ்டர் என்பது ஒரு சிறு மின்தேக்கியை நிரப்பியும் வடித்தும் 1, 0 என்ற நிலைகளை மாற்றும் சாவி. அழுத்தம் மிகுந்தால் மின்னோட்டம் மிகுந்து, நிரம்புவதும் வடிவதும் விரைவாகின்றன, நெருக்கடிப் பாதையின் தாமதம் குறைகிறது. ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை கடுமையானது. டிரான்சிஸ்டர்களின் இயக்கத்தால் செலவாகும் மின்திறன் துடிப்பின் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. 2.0 வோல்ட்டில் 300 மெகாஹெர்ட்ஸ் ஓடும் செயலியை 2.2 வோல்ட்டுக்கும் 450 மெகாஹெர்ட்ஸுக்கும் உயர்த்தினால், வேகம் 1.5 மடங்கும் அழுத்தத்தின் இருமடி 1.21 மடங்குமாகச் சேர்ந்து வெப்பம் ஏறத்தாழ 1.8 மடங்காகும். இதற்கு மேல், அணைந்த நிலையில் இருக்கும் டிரான்சிஸ்டர்களின் வழியாகவும் சிறிது மின்சாரம் கசிகிறது. வெப்பம் ஏற ஏறக் கசிவு கூடுகிறது, கசிவு கூடக் கூட வெப்பம் ஏறுகிறது.

ஆகையால் ஓவர்கிளாக்கிங் என்பது பாதிக்கு மேல் வெப்பத்தை வெளியேற்றும் கலையே. சில்லுக்கும் ஹீட்சிங்க் எனப்படும் உலோகச் சிறகடுக்குக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட் பூசி, விசிறியாலோ குழாயில் சுற்றிவரும் நீராலோ வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கடத்துகிறார்கள். இவ்வகைக் குளிர்விப்பான் எதுவும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே செயலியைக் கொண்டுசெல்ல முடியாது. 22 பாகை செல்சியஸ் அறையில் 80 பாகையில் நிலைத்த ஒரு செயலி, மே மாத மதுரையில் குளிர்சாதனம் இல்லாத 38 பாகை அறையில் அதே வேலைக்கு 96 பாகையைத் தொடும். இன்றைய செயலிகள் பல தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைக்கும் எல்லை 95 அல்லது 100 பாகையாகும். குளிர்நாடுகளில் எழுதப்படும் சோதனை முடிவுகளை நம் ஊரில் அப்படியே எடுத்துக்கொள்வது பிழை என்பதற்கு இந்த ஒரு கழித்தல் கணக்கே போதும்.

அறையின் வெப்பநிலையைத் தாண்ட விரும்புவோர் சுழியத்துக்குக் கீழ் 196 பாகையில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைச் செயலியின் மேல் வைத்த செம்புக் கிண்ணத்தில் ஊற்றுகிறார்கள். கடுங்குளிரில் செம்புக் கம்பிகளின் மின்தடை குறைகிறது, கசிவு ஏறத்தாழ நின்றேவிடுகிறது, வழக்கமாகச் சில்லைக் கொன்றுவிடக்கூடிய அழுத்தத்தையும் சிறிது நேரம் கொடுக்க முடிகிறது. நைட்ரஜனைவிடவும் குளிர்ந்த திரவ ஹீலியத்தின் துணையோடு 2011இல் ஏஎம்டியின் எஃப்எக்ஸ் செயலி ஒன்று 8.429 ஜிகாஹெர்ட்ஸைத் தொட்டது; 2023இல் இன்டெல்லின் கோர் ஐ9-14900கேஎஃப் 9 ஜிகாஹெர்ட்ஸைச் சற்றே தாண்டியது. 12 ஆண்டுகளில் டிரான்சிஸ்டர் பல மடங்கு சிறுத்திருக்க, சாதனை நகர்ந்தது 0.6 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே. சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்காத இந்த விளையாட்டுக்கு வீட்டுக் கணினியோடு தொடர்பு ஏதுமில்லை. எனினும் சுவர் எங்கே நிற்கிறது என்பதை அது காட்டுகிறது.

வீட்டில் எழும் சிக்கல் வேறு வகையானது. எல்லை மீறிய செயலி உடனே முடங்கினால் அதைச் சரிசெய்துவிடலாம். எப்போதோ ஒருமுறை மட்டும் தவறான விடையைத் தந்துவிட்டுத் தொடர்ந்து ஓடினால் என்ன செய்வது? மைக்ரோசாஃப்ட்டின் பொறியாளர் ரேமண்ட் சென் 2005இல் எழுதிய குறிப்பொன்றில், விண்டோஸ் அனுப்பிய முடக்க அறிக்கைகளுள் சில விளங்காதவையாக இருந்ததைச் சொல்கிறார். ஒரு பதிவகத்தைச் சுழியமாக்கு என்ற, நினைவகத்தைத் தொடவே தொடாத, தோற்க வழியே இல்லாத கட்டளையில் நிரல் முடங்கியிருந்தது. அத்தகைய கணினிகளுள் பல ஓவர்கிளாக் செய்யப்பட்டவை என்பது பிறகு தெரிந்தது. அவற்றின் உரிமையாளர்களுள் சிலருக்கு அது தெரியாது, ஏனெனில் விற்ற கடைக்காரரே மலிவுச் செயலியை ஏற்றிவைத்து விற்றிருந்தார். 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தினர் ஏறத்தாழ 10 லட்சம் வீட்டுக் கணினிகளின் முடக்கப் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, ஓவர்கிளாக் செய்தவற்றில் செயலிக் கோளாறால் முடங்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்றும், குறித்த வேகத்துக்கும் கீழே ஓட்டப்பட்டவை மற்றவற்றைவிட நம்பகமாக இருந்தன என்றும் காட்டியது.

இந்த ஓசையற்ற பிழையைப் பிடிக்கப் பயனர்கள் கையாளும் கருவிகளுள் புகழ்பெற்றது பிரைம்95. அது இதற்கென எழுதப்பட்டதே அன்று. மெர்சென் பகா எண்கள் எனப்படும் பேரெண்களைத் தேட 1996இல் தொடங்கிய கூட்டு முயற்சிக்காக ஜார்ஜ் வோல்ட்மன் எழுதிய நிரல் அது. கோடிக்கணக்கான இலக்கங்களைக் கொண்ட எண்களைத் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தும் அக்கணக்கில் ஓரிடத்தில் ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் பல வார உழைப்பு வீணாகும் என்பதால், ஒவ்வொரு பெருக்கலின் முடிவும் முழு எண்ணை ஒட்டியே வருகிறதா என்று நிரல் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். செயலியை முழுமூச்சில் ஓட்டி, விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து ஒப்பிடும் அதன் சோதனை முறையை ஓவர்கிளாக்கர்கள் தமதாக்கிக்கொண்டனர்.

உடனடிப் பிழையைவிட மெல்ல வரும் மூப்பு இன்னும் வஞ்சகமானது. நுண்ணிய கம்பி வழியே எலக்ட்ரான்கள் மிகுந்த நெரிசலோடு ஓடும்போது அவை உலோக அணுக்களையே சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டு போகின்றன. மின்னணுப் பெயர்ச்சி எனப்படும் இதனால் ஓரிடத்தில் வெற்றிடமும் வேறிடத்தில் திரளும் உண்டாகிக் கம்பி அறுகிறது. மோட்டோரோலாவில் பணியாற்றிய ஜேம்ஸ் பிளாக் 1960களின் இறுதியில் வகுத்த சமன்பாட்டின்படி, கம்பியின் ஆயுள் மின்னோட்ட அடர்த்தியின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும், வெப்பநிலை ஏறினால் அதைவிட விரைவாகவும் சுருங்குகிறது. இதற்கு இணையாக, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் டிரான்சிஸ்டர் திறப்பதற்குத் தேவையான குறைந்தபட்ச அழுத்தம் ஆண்டுகள் போகப்போக உயர்ந்து, அது மந்தமாகிறது. அச்சிட்ட வேகத்தில் விடப்பட்ட கையிருப்பின் ஒரு பகுதி இந்த மூப்புக்கென ஒதுக்கப்பட்டதே. முதல் ஆண்டில் நலமாக ஓடிய ஓவர்கிளாக் மூன்றாம் ஆண்டில் காரணமின்றித் தடுமாறுவது இதனால்தான்.

நிறுவனங்கள் தொடக்கத்தில் இந்த வழக்கத்தை வெறுத்தன. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைக் கழற்றி 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினால் 6 மெகாஹெர்ட்ஸ் செயலி 8இல் ஓடியது. பின்னர் வந்த பயாஸில் வேகத்தை அளந்து கூடுதலாக இருந்தால் இயங்க மறுக்கும் சோதனையை ஐபிஎம் சேர்த்தது. மலிவுச் சில்லின் மேல் உயர்ந்த எண்ணை அச்சிட்டு விற்கும் மோசடியைத் தடுக்கவே பெருக்கெண்ணைப் பூட்டுவதாக இன்டெல் கூறியது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஏஎம்டி அத்லான், டியூரான் செயலிகளில் பூட்டு, சில்லுறையின் மேற்பரப்பிலேயே அறுத்துவிடப்பட்ட சிறு இணைப்புகளாக இருந்தது. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் சாதாரணப் பென்சிலால் அவற்றின் மேல் கோடு கிழித்துப் பூட்டைத் திறந்தார்கள். பிறகு பூட்டே விற்பனைப் பொருளாயிற்று: இன்டெல் 2011 ஜனவரியில் கொண்டுவந்த செயலிகளில் அடிப்படைத் துடிப்பை யூஎஸ்பி, சாட்டா முதலிய எல்லாவற்றோடும் பிணைத்துச் சில விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த முடியாதபடி செய்துவிட்டு, பெருக்கெண் திறந்த செயலிகளைக் கே என்ற எழுத்தோடு கூடுதல் விலைக்கு விற்றது. 3.3 ஜிகாஹெர்ட்ஸ் என்று குறித்த கோர் ஐ5-2500கே, நல்ல விசிறி ஒன்றோடு 4.5 வரை ஏறியது.

அதுவே கடைசிப் பெருவிருந்து எனலாம். டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க அழுத்தத்தையும் அதே அளவில் குறைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டலாம் என்று 1974இல் ராபர்ட் டென்னார்டு குழுவினர் காட்டிய விதி, 2000களின் நடுவில் கசிவால் கைவிட்டுப் போயிற்று. 3.8 ஜிகாஹெர்ட்ஸில் நின்ற பென்டியம் 4ஐ 4 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை 2004இல் இன்டெல் கைவிட்டது. வேகம் இலவசமாகக் கிடைக்காத காலத்தில், தாம் விட்டுவைத்த கையிருப்பின் மேல் நிறுவனங்களின் கண் விழுந்தது. 2008இல் முதல் கோர் ஐ7 செயலிகளோடு வந்த டர்போ பூஸ்ட், வெப்பமும் மின்னோட்டமும் இடங்கொடுக்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே உயர்த்திக்கொள்ளும் ஏற்பாடாகும். இன்றைய செயலிகள் தம் உள்ளே பதித்த உணரிகளால் நிலையை ஓயாது அளந்து, வினாடிக்குப் பல நூறு முறை வேகத்தையும் அழுத்தத்தையும் மாற்றுகின்றன. ஒவ்வொரு மையமும், அதாவது செயலிக்குள் தனித்துக் கணக்கிடும் ஒவ்வொரு பகுதியும், எவ்வளவு தாங்கும் என்பதும் தொழிற்சாலையிலேயே அளந்து பதிக்கப்படுகிறது. ஓவர்கிளாக்கர் இரவெல்லாம் விழித்துச் செய்த வேலையைச் சில்லே செய்துவிடுவதால், கையால் ஏற்றி இன்று பெறக்கூடிய ஆதாயம் பெரும்பாலும் ஒற்றை இலக்க விழுக்காட்டைத் தாண்டுவதில்லை.

நிறுவனமே கையிருப்பைச் சுரண்டினால் என்ன நேரும் என்பது இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரகச் செயலிகளில் தெரிந்தது. 6 ஜிகாஹெர்ட்ஸ் வரை எட்டுமாறு விற்கப்பட்ட அவற்றுள் பல, சில மாதப் பயன்பாட்டுக்குப் பின் கேம்களில் முடங்கின. குற்றமற்ற கிராபிக்ஸ் அட்டையின் நினைவகம் போதவில்லை என்ற பொய்ச் செய்திகூட வந்தது. செயலியின் மைக்ரோகோடு, அதாவது அதன் உள் நிரல், தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுவந்ததை 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. மிகையழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மூப்படைந்தது மையங்களுக்குள் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் சுற்றே என்று செப்டம்பரில் விளக்கம் வந்தது. ஏற்கெனவே தேய்ந்த சில்லைத் திருத்தத்தால் மீட்க முடியவில்லை.

எனவே ஆர்வலர்களின் கவனம் இப்போது எதிர்த்திசையில் திரும்பியிருக்கிறது. வேகத்தைத் தொடாமல் மின்னழுத்தத்தை மட்டும் படிப்படியாகக் குறைப்பது அண்டர்வோல்டிங். எல்லாச் சில்லுக்கும் பொருந்துமாறு நிறுவனம் சற்று மிகையாகவே அழுத்தம் நிர்ணயிப்பதால் அதைக் குறைக்க இடமிருக்கிறது. குறைத்தால் இருமடி விதி இம்முறை பயனருக்குச் சாதகமாக வேலைசெய்து வெப்பம் தணிகிறது, தணிந்த இடைவெளியை டர்போ தானே வேகமாக மாற்றிக்கொள்கிறது. ஏஎம்டியின் ரைசன் செயலிகளில் மையம் மையமாக இதைச் செய்யும் வசதியே தரப்பட்டிருக்கிறது. இதில் ஒரு வினோதம் உண்டு. அழுத்தம் குறைத்த செயலி பிரைம்95 சோதனையை மணிக்கணக்கில் தாங்கிவிட்டு, எவரும் தொடாமல் சும்மா இருக்கையில் முடங்கும். எல்லா மையங்களும் உழைக்கும்போது வெப்பத்தால் வேகம் கட்டுப்படுகிறது. ஓய்வில் ஒரே ஒரு மையம் சிறு வேலைக்காக விழித்தெழும்போதுதான் அது உச்ச வேகத்துக்குத் தாவுகிறது, அங்கேதான் அழுத்தம் போதாமல் போகிறது. அதனால் ஒரு நேரத்தில் ஒரு மையத்தை மட்டும் சோதிக்கும் கருவிகள் தனியே எழுதப்பட்டன.

மடிக்கணினி வைத்திருப்போர் பலருக்கு அந்த வழியும் அடைபட்டது. 2019 டிசம்பரில் பர்மிங்காம், கிராஸ், லூவன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், இன்டெல் செயலியின் அழுத்தத்தை மென்பொருள் வழியே நுட்பமாகக் குறைத்து, இரகசியக் கணக்குகளுக்கென ஒதுக்கிய பாதுகாப்பு அறைக்குள் ஒரு பெருக்கலைத் தவறச் செய்து, அந்தத் தவறிலிருந்தே மறைக்குறியீட்டுச் சாவியை வெளிக்கொணர முடியும் என்று காட்டினர். பிளண்டர்வோல்ட் என்று அதற்குப் பெயரிட்டனர். இன்டெல் வெளியிட்ட திருத்தம், மென்பொருள் வழியே அழுத்தத்தை மாற்றும் வசதியைப் பயாஸிலேயே முடக்க இடமளித்தது. மடிக்கணினி நிறுவனங்கள் பல தம் பயாஸைப் புதுப்பித்தபோது அதை முடக்கின. வெப்பத்தைக் குறைக்க அழுத்தத்தைத் தணித்து வைத்திருந்த உரிமையாளர்கள், புதுப்பித்த பின் தம் அமைப்பு செல்லாமல் போனதைக் கண்டனர்.